மச்சாள் கொடுத்த ஒரு மாதம்

அன்புள்ள மச்சாள்,

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று நேற்று உங்கள் அறை அலுமாரியை ஒதுக்கினேன். மேல்தட்டில், சேலைகளுக்குப் பின்னால், ஒரு பழைய ஜாம் போத்தல் இருந்தது. உள்ளே ஏழெட்டு நத்தை ஓடுகள். மூடியில் ஒட்டியிருந்த தாளில் உங்கள் சாய்ந்த கையெழுத்து: "ஷாமினியின் நத்தைகள். ஒருத்தரும் எறியவேண்டாம்." மூடியைத் திறந்ததும் காய்ந்த மண்ணின் மணம் மெல்ல வந்தது. கரப்பான்பூச்சியைக் கண்டால் கதிரையில் ஏறி நிற்கும் நீங்கள், இந்த ஓடுகளைக் கழுவிக் காயவைத்து இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறீர்கள். கட்டில் விளிம்பில் இருந்து சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுகையும் வந்தது. நீங்கள் உயிரோடு இருந்தபோது சொல்லாமல் விட்டவை சில என்னிடம் உண்டு. அவற்றை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் அந்த மாடிவீட்டில் நாங்கள் நாலு பேர். என் கணவரான உங்கள் தம்பிக்குப் புறக்கோட்டையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை. எனக்குக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் தட்டச்சு. நீங்கள் ஆஸ்பத்திரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்திரண்டு வருடம் மூன்று மொழியிலும் பதில் சொல்லிக் களைத்து, ஓய்வு எடுத்துக்கொண்டு வந்திருந்தீர்கள். எங்கள் மகள் ஷாமினிக்கு நாலு வயது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போக, பகல் முழுதும் அவள் உங்களோடுதான்.

யுத்த காலம். பஸ்ஸில் தமிழில் சத்தமாகக் கதைத்தால் பத்துத் தலை சந்தேகத்தோடு திரும்பும். ஷாமினியோ வாயாடி. கண்ணில் பட்டதையெல்லாம் ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டே வருவாள். அதற்காக நீங்கள் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தீர்கள். வீட்டுப் படியிறங்கியதும் உதட்டில் திறப்புப் போட்டுத் திருகிப் பூட்டுவதுபோல் காட்டுவீர்கள். அவளும் திருகுவாள். திரும்பி வீட்டுக்குள் வந்தபிறகுதான் பூட்டுத் திறபடும். சோதனைச் சாவடிகளில் அது எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. நானும் அதைப் பாவித்தேன். உங்களைவிட அதிகமாகவே பாவித்தேன் என்று இப்போது சொல்லலாம்.

அந்தப் பூட்டு உள்ளே இறங்கிவிட்டதை நாங்கள் கவனிக்கவில்லை. நீங்கள் பல பேரிடம் கதைத்து, கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருவரிடம் நேரில் போய்க் கேட்டு, அவளுக்குப் பெயர்போன ஒரு நேர்சரியில் இடம் எடுத்துத் தந்தீர்கள். நேர்முகத்தில் பெயர் கேட்டார்கள், நிறங்கள் கேட்டார்கள். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கம் என்று சொல்லிச் சமாளித்தோம். இரண்டு மாதம் போனது. மற்றப் பிள்ளைகள் கொப்பி நிறைய எழுத்து எழுதினார்கள். இவள் பென்சிலைப் பிடித்தபடி இருந்தாள். கேட்டதற்குப் பதில் சொல்லாததால் எழுப்பி நிற்கவிட்டார்கள். சட்டையில் மூத்திரம் போய் நனைத்துக்கொண்டு வரத் தொடங்கினாள். கடைசியில் வீட்டிலும் தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டாள். பிள்ளையை டொக்டரிடம் காட்டுங்கள் என்று வகுப்பு ரீச்சர் சொல்லியனுப்பினார். டொக்டர் காதையும் தொண்டையையும் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லையென்றார்.

என்னோடு வேலைசெய்த ஒருத்திதான் வெள்ளவத்தையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் பற்றிச் சொன்னாள். உங்களுக்குச் சொல்லாத முதல் விஷயம் இதுதான் மச்சாள்: ஒரு சனிக்கிழமை, சப்பாத்து வாங்கப் போகிறோம் என்று உங்களிடம் பொய் சொல்லிவிட்டு, ஷாமினியை அங்கேதான் கூட்டிக்கொண்டு போனேன்.

கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில் ஒரு பழைய வீடு. கீழே ரயில் பாதை, அதற்கப்பால் கடல். சனிக்கிழமைகளிலும் அரை நாள் திறந்திருக்கும் என்றார்கள். பதினைந்து பிள்ளைகள் இருக்கும். தமிழ், முஸ்லிம், இரண்டு சிங்களப் பிள்ளைகள். கரும்பலகை இல்லை, கொப்பி இல்லை. ஒருவன் தராசில் கல்லும் பஞ்சும் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தான். இரண்டு பேர் மண்ணில் வாய்க்கால் வெட்டினார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்திய ரீச்சர் வெறுங்காலோடு நிலத்தில் இருந்தார். எதைச் செய்வது என்று பிள்ளைகளே தெரிந்தெடுப்பார்கள், கேள்வி அவர்களிடமிருந்து வரும், நாங்கள் அதன் பின்னால் போவோம் என்றார். எழுத்து எப்போது பழக்குவீர்கள் என்று கேட்டேன். அவர்களுக்குத் தேவைப்படும்போது என்றார்.  பிறகு என் மகளைப் பார்த்தார். பெயர் கேட்கவில்லை. ஒரு சின்னக் குவளையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். ஷாமினி அதை எடுத்து வாளியில் தண்ணீர் அள்ளினாள்.

"இவளைக் கதைக்கச் சொல்லி நாங்கள் ஒருநாளும் கேக்கமாட்டம். அது உங்களுக்குச் சம்மதமோ?" என்று ரீச்சர் கேட்டார்.

ஓம் என்றேன். அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டேன். திரும்பி வரும் வழியில்தான் உங்கள் முகம் ஞாபகத்துக்கு வந்தது. நீங்கள் வாங்கித் தந்த இடத்தை விடுவதென்றால் அது உங்களுக்குத் தலைகுனிவு. அதைவிட, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு அவளைத் தினமும் கூட்டிப்போக உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. உங்கள் தம்பியிடம் சொன்னேன். "அக்காட்டை நீர்தான் கதைக்கவேணும்" என்று அவர் மெல்ல நழுவிவிட்டார்.

சப்பாத்து வாங்கப் போன வழியில் தற்செயலாகக் கண்ட பள்ளிக்கூடம் என்றே அன்று பின்னேரம் உங்களிடம் சொன்னேன். நீங்கள் தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "விளையாடுறதுக்கு வெள்ளவத்தைக்கோ போகவேணும்? இஞ்ச மண் இல்லையோ, தண்ணி இல்லையோ?"  அந்த இடத்தில் அவள் ஒரு மணித்தியாலம் தண்ணீர் ஊற்றினாள், போகும்போது என் கையை இழுத்துத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்றேன். நீங்கள் தேத்தண்ணீரை எடுத்துக் குடித்து முடித்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "ஒரு மாசம் பிள்ளை. ஒரு மாசத்தில இவள் வாய் திறக்கேல்லையெண்டால் பழைய இடத்துக்குத்தான். சிஸ்டரிட்ட சுகமில்லை எண்டு சொல்லிவைக்கிறன்." நீங்கள் பொய் சொல்ல ஒப்புக்கொண்டதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

அடுத்த திங்கள் தொடங்கினீர்கள். கோட்டை வரை பஸ், அங்கிருந்து ரயில். பள்ளிக்கூடம் முடியும்வரை அந்த வீட்டு விறாந்தையில் இருந்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வருவீர்கள். பின்னேரம் நான் வேலையால் வந்ததும் அன்றைய சங்கதியை எக்ஸ்சேஞ்சில் செய்தி சொல்வதுபோல் ஒப்புவிப்பீர்கள். முதல் கிழமை முழுதும் அது குற்றப்பத்திரிகை மாதிரித்தான். ஒன்பது மணியிலிருந்து பத்தரைவரை ஒரு வாளியிலிருந்து மற்ற வாளிக்குத் தண்ணீர் ஊற்றினாள். மேலெல்லாம் நனைந்துவிட்டது. ரீச்சர் பார்த்துக்கொண்டு இருக்கிறாவே தவிர ஒன்றும் சொல்லவில்லை. மழைக்குப்பிறகு பிள்ளைகள் நத்தை பிடிக்கிறார்கள், இவளும் பிடிக்கிறாள், கையைப் பார், சீ.

மூன்றாம் கிழமையில் உங்கள் சொல் மாறியது. நீங்கள் அறியவில்லை, நான் அறிந்தேன். பெரிய குவளையால் ஒருதரம் அள்ளுவது சின்னக் கோப்பையால் நாலுதரம் என்று அவள் தானாகக் கண்டுபிடித்ததை, நாலு விரலைக் காட்டியதை, இரண்டுமுறை சொன்னீர்கள். நத்தை எந்த இலையைத் தின்னும், எதைத் தின்னாது என்று அவள் வரிசையாக வைத்துப் பார்த்ததைச் சொன்னீர்கள். சட்டையில் மூத்திரம் போவது நின்றுவிட்டது. சோறும் ஒழுங்காகச் சாப்பிட்டாள். ஆனால் வாய் திறக்கவில்லை. "இன்னும் ஆறு நாள்" என்று நீங்கள் முடிப்பீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் குரலிலும் ஒரு தவிப்பு இருந்தது. நான் குளியலறைக்குள் போய் மாதாவிடம் மன்றாடுவேன்.

மூன்று நாள் மிச்சமிருந்தபோது, நகரில் ஓரிடத்தில் குண்டு வெடித்தது. எங்கள் அலுவலகக் கண்ணாடிகள் அதிர்ந்தன. டெலிபோன் வேலை செய்யவில்லை. மத்தியானத்தோடு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வெடித்தது எந்தப் பக்கம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். வீதிகளை மூடிவிட்டார்கள். நான் கொட்டாஞ்சேனைக்கு நடந்தே வந்தேன். உங்கள் தம்பி எனக்கு முன்னே வந்து படிக்கட்டில் நின்றார். உள்ளே போக எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தப் படியில் நின்ற மூன்று மணித்தியாலமும் நான் உங்களைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினேன். பக்கத்தில் இருந்த நேர்சரியை விட்டுவிட்டு, கடற்கரை ஓரமாய்த் தண்ணீர் ஊற்றிப் பழகவோ பிள்ளையை அனுப்பினாய் என்று. உங்களிடம் சொல்லாத இரண்டாவது விஷயம் இது.

ஐந்து மணிபோல் நீங்கள் இருவரும் சந்தியில் திரும்புவதைக் கண்டோம். உங்கள் சேலைக் கரை முழுதும் புழுதி. ஷாமினி ஜாம் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே வந்து இருந்தீர்கள். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடங்கினீர்கள்.

கோட்டை ஸ்டேசனுக்கு வெளியே இராணுவத்தார் எல்லோரையும் வரிசையில் நிறுத்திச் சோதித்தார்கள். உங்கள் முறை வந்தபோது கைப்பையில் அடையாள அட்டை இல்லை. கவிழ்த்துக் கொட்டியும் இல்லை. ஆமிக்காரன் குரலை உயர்த்தினான். இருபத்திரண்டு வருடம் எத்தனை டொக்டர்மாரின் கோபத்துக்குப் பதில் சொன்ன உங்களுக்கு ஒரு சிங்களச் சொல்லும் வாயில் வரவில்லை. அப்போது கீழேயிருந்து ஒரு குரல்.

"மாமி, ஐசி அட்டை என்ர பாக்கில கிடக்கு. ரெயின்ல வைச்சனீங்கள். நத்தைப் போத்தலுக்குக் கீழ."

வரிசை முழுதும் கேட்கும்படி, தமிழில்.  ஆமிக்காரன் பையைத் திறந்தான். அட்டை இருந்தது. போத்தலையும் வெளியே எடுத்து, திறக்காமல், இது என்ன என்று கேட்டான். நீங்கள் வாய் திறக்கமுதல் அவளே அவன் கையிலிருந்து அதை வாங்கி, மூடியைத் திறந்து காட்டினாளாம்.

"உள்ள ஆக்கள் இல்லை. வெறும் வீடுகள்தான்."

பிள்ளை என்ன சொல்கிறது என்று அவன் உங்களைக் கேட்டான். அப்போதுதான் உங்களுக்குக் குரல் திரும்பி வந்தது. சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் பெயர்த்துச் சொன்னீர்கள். அவன் கொஞ்சநேரம் அந்த ஓடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றானாம். சின்னப் பெடியன்தான், இருபது வயதிருக்கும் என்றீர்கள். பிறகு மூடியைத் தானே திருகிப் பூட்டி, அவள் கையில் கொடுத்து, போகச் சொன்னான்.

நீங்கள் சொல்லி முடிக்கமுதல் ஷாமினி குசினிக்குள்ளிருந்து "அம்மா, பாண் இருக்கோ?" என்று கேட்டாள். நான் எழும்பிப் போய்ப் பாண் துண்டுகள் வெட்டிக் கொடுத்தேன். உங்கள் தம்பி யன்னல் பக்கம் திரும்பி நின்றார். நீங்கள் மட்டும் அவளைப் பார்த்தபடி மெல்லச் சொன்னீர்கள்: "பூட்டினது நான்தான் பிள்ளை. எனக்குத் தெரியும்." நானும்தான் என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. குற்றம் முழுதும் உங்கள் தலையில் இருக்க விட்டுவிட்டேன். மூன்றாவது அது.

அடுத்த கிழமை எனக்கு மிஞ்சியிருந்த பயம் சிஸ்டரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும், என்னை நிற்கச் சொல்லிவிட்டு நீங்களே அவரிடம் போனீர்கள். இரண்டே நிமிடம். திரும்பி வந்து, அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன், சிஸ்டரும் சரியென்றார் என்றீர்கள். என் மேலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. வீடுவரைக்கும் நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது.

எழுத்தும் வந்தது மச்சாள். தன் போத்தல்களுக்குப் பெயர் ஒட்டவேண்டும் என்று அவளே கேட்டுப் பழகினாள். முதலாம் வகுப்பில் மற்றவர்களுக்குப் பின்னால்தான் இருந்தாள், நாங்கள் மறுபடி கவலைப்பட்டோம், அடுத்த வருடத்துக்குள் அதுவும் சரியாகிவிட்டது. அவள் அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தை விட்டபிறகும் நீங்கள் நாலு வருடம் அந்த விறாந்தைக்குப் போய்வந்தீர்கள். அங்கே என்ன வேலை என்று அயலவர்கள் கேட்டால், "ஒண்டும் இல்லை, பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்பீர்கள். ரீச்சர் மட்டும், உங்களைப்போல் பார்த்துக்கொண்டு இருக்கத் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம் என்று என்னிடம் சொன்னார்.

ஷாமினி இப்போது தெஹிவளையில் இருக்கிறாள். கட்டடங்களுக்கு வரைபடம் வரைகிறாள். நன்றாகக் கதைக்கிறாள், சிலவேளை அளவுக்கு மிஞ்சியும். அவளுடைய மகனுக்கு மூன்று வயது. வெள்ளிக்கிழமைகளில் நான்தான் அவனைப் பார்த்துக்கொள்வேன். போன கிழமை கடற்கரைக்கு வெளிக்கிடும்போது தானே சேட்டுப் போடுவேன் என்று அடம்பிடித்தான். பொத்தான் துளைக்குள் போகவில்லை. திருப்பினான், இழுத்தான், மூச்சு வாங்கினான். என் கைகள் தாமாக எழும்பின. உங்களை நினைத்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு இருந்தேன். கால் மணித்தியாலம் போனது. கடைசியில் நிமிர்ந்து நின்றான். இரண்டு பொத்தான் மாறித்தான் இருந்தது, ஒரு பக்கம் கழுத்துவரை ஏறி, மற்றப் பக்கம் தொங்கிக்கொண்டு.

அப்படியே கூட்டிக்கொண்டு போனேன் மச்சாள்.