கூலி வாங்கியவளின் சாட்சி

பாலும்மா,

இன்று காலை பக்கத்து வீட்டில் வசம்பு சுட்டார்கள். பிறந்து நாற்பது நாள் கழியாத குழந்தை ஒன்று அங்கே இருக்கிறது. கருகிய வசம்பின் வாசனை வேலியைத் தாண்டி வந்தபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஓர் எழுத்தும் கண்ணில் ஏறவில்லை. வாசனையோடு குரலும் வந்தது. பிள்ளை பார்க்கும் வேலைக்கு வந்திருக்கும் பெண்ணிடம் வீட்டுக்காரி சொல்கிறார்: "சம்பளம் சம்பளமெண்டு என்னகா கதைக்கிறாய்? நீ நம்மட ஊட்டுப் புள்ள மாதிரி."

இந்த வாக்கியத்தை யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. நமது கரையில் வசதியான வீடுகளுக்கு இதைவிட லாபம் தந்த வாக்கியம் வேறொன்று இருக்குமென்று நான் நம்பவில்லை. உங்களுக்கும் இதைத்தான் சொன்னார்கள். உங்களை நினைத்தால் எனக்குக் கண்ணீர் வருவதில்லை, கோபம்தான் வருகிறது. வயது ஐம்பதை நெருங்கியும் அது தேயவில்லை.

பேறுகாலக் காய்ச்சலில் என் உம்மாவுக்குப் பால் வற்றியபோது எனக்குப் பால் தந்தவர் நீங்கள். என் வாப்பா சாதாரண பள்ளிக்கூட வாத்தியார். மாதம் முடிந்ததும் அவர் உங்கள் கூலியைக் கையில் தந்துவிடுவார் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அதற்குச் சில வாரங்கள் முன்வரை, உம்மா காக்கா என்று கூப்பிடும் அவருடைய அண்ணன் வீட்டில் நீங்கள் இருந்தீர்கள். அவர் பெரிய வயற்காரர். ஊருக்கு அவர் போடியார், எனக்கு மாமா. மாமியின் மார்பில் கட்டி வந்ததால் அவர்களுடைய மகனும் உங்களிடம்தான் பால் குடித்தார்.

அந்த வீட்டுக்குப் போகும்போது உங்கள் சொந்தப் பிள்ளையும் கைக்குழந்தை. சாய்ந்தமருதில் உங்கள் உம்மாவிடம் அதை விட்டுவிட்டுப் போனீர்கள். மாமா வீடு இருந்த கல்முனையிலிருந்து நடந்தே போய்வரக்கூடிய தூரம்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் கடுமை என்று ஆள் வந்து சொன்னபோது, மாமி தன் மகனை உங்கள் மடியில் வைத்துவிட்டு, "இவன் பசிச்சு அழுவான். பொழுது பட்டாப் போ" என்றாராம். பொழுது படும் முன்பே உங்கள் பிள்ளை இறந்துவிட்டது, மையத்தையும் எடுத்து அடக்கிவிட்டார்கள். இதை ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொன்னீர்கள், என் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே. உங்கள் விரல்கள் நிற்கவேயில்லை.

அவர்கள் மகனுக்குப் பால் மறக்கடித்ததும் ஒரு புடைவையைத் தந்து உங்களை அனுப்பினார்கள். கூலி கேட்டீர்கள். "நம்மட ஆளுக்கு என்னத்துக் கூலி?" என்றார் மாமா. நீங்கள் விடவில்லை. பள்ளிவாசலுக்குப் போய் அதை நடத்தும் மரைக்கார்மாரிடம் முறையிட்டீர்கள். அங்கே மாமா சத்தியம் பண்ணிச் சொன்னார்: "இவ ஏணை ஆட்டினவ. புள்ளைக்குக் குடுத்தது மாட்டுப் பால்." யாருடைய சொல்லை எடுப்பதென்று மார்க்கம் படித்த லெப்பையைக் கேட்டார்கள். லெப்பை சட்டக் கிதாபைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பால் குடுத்தவள்ற சொல்ல ஏத்துக்கலாம். ஆனா கூலி கேட்டு வந்து நிக்கிறவள்ற சொல்ல ஏத்துக்க ஏலா. தன்ட லாபத்துக்குச் சொல்லுறாளெண்டு ஆகிடும்."

அதோடு முடிந்தது. ஒவ்வொரு நோன்புக்கும் மாமா உங்களுக்கு ஒரு மூட்டை அரிசியைத் தர்மமாக, சதக்காவாக அனுப்புவார். கொண்டுவந்த ஆளிடமே நீங்கள் அதைத் திருப்பிக் கொடுத்தனுப்புவீர்கள். "நான் கூலி கேட்டன், சதக்கா கேக்கல்ல எண்டு போடியாரிட்டச் சொல்லு."

ஐம்பதுகளின் நடுவில் நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்துக்குப் போகலாம் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். அந்த நேரத்தில்தான் மாமா தன் மகனுக்கு என்னைக் கேட்டு வந்தார். என்மேல் கொண்ட பாசத்தால் வரவில்லை. நம் பகுதியில் வீடும் வயலும் பெண் பிள்ளைகளுக்குப் போகும். இறக்காமத்துப் பக்கம் இருந்த நல்ல வயல் உம்மாவுக்கு வந்திருந்தது, அடுத்து எனக்கு வரும். அதைத் தன் மகன் வழியாகத் திரும்ப எடுக்க மாமாவுக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஒரே மார்பில் பால் குடித்தவர்கள் உடன்பிறந்தவர்கள், அவர்களுக்குள் நிக்காஹ் கூடாது. இதை ஊரில் சின்னப் பிள்ளையும் அறியும். நான் உம்மாவிடம் சொன்னேன். "பள்ளியில வெச்சு என்ட காக்கா பண்ணின சத்தியம் பொய்யெண்டா சொல்லுறாய்?" என்று உம்மா சீறினார். வாப்பா பத்திரிகையை முகத்துக்கு இன்னும் கிட்டப் பிடித்தார்.

பால் எப்படி இரத்த உறவாகும் என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை, படித்துப் பட்டம் வாங்கிய பிறகும் விளங்கவில்லை. ஆனால் யார் பொய் சொன்னார் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. நான் உங்களிடம் ஓடி வந்தேன். நீங்கள் அயல் பெண்களோடு முற்றத்தில் பாய் இழைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"அழாத மனே. அழுதா மூக்குத்தான் சிவக்கும்" என்றீர்கள். "அவங்களுக்குத்தான் இப்ப என்னால பயம். வருவாங்க, இருந்து பாரு."

வந்தார்கள். வண்டில் சத்தம் கேட்டு நான் குசினிக்குள் ஒளிந்துகொண்டேன். இறங்கியவர் மாமி.

"என்னகா, சுகமா இரிக்கிறயா?"

"இரிக்கிறன். இந்தப் பக்கத்துக்குப் பாதை தெரியுமா உங்களுக்கு?"

பாய் இழைத்தவர்கள் தலை நிமிராமல் சிரித்தார்கள். மாமி ஒரு பொட்டலத்தை உங்கள் முன்னால் வைத்தார். "இத எடு. கலியாணம் முடியுமட்டும் வாயத் திறக்காத."

"இது சதக்காவா?"

"என்னவோ ஒண்டு. எடன்."

"சதக்காவெண்டா வாசல்ல வையுங்க, இல்லாதவங்க எடுத்துக்கட்டும். கூலியெண்டா, கூலியெண்டு சொல்லித் தாங்க."

"சரி, கூலிதான்."

"என்னத்துக்கு?"

மாமி அந்தப் பெண்களைப் பார்த்துவிட்டு, ஏதோ முணுமுணுத்தார்.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"எங்களுக்கும்தான் மாமி" என்றாள் பாய் இழைத்தவர்களில் ஒருத்தி.

"என்ட மகனுக்கு நீ பால் குடுத்ததுக்குக் கூலி! போதுமா?" மாமியின் குரல் தெருவரை போயிருக்கும்.

"போதும். வாங்கிட்டன்."

வாய் திறப்பதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதமென்று மாமி எடுத்துக்கொண்டார்.

மறுநாள் எங்கள் வீட்டில் கலியாணப் பேச்சு. முன் மண்டபத்தில் மாமா, வாப்பா, மரைக்கார்மார், அதே லெப்பை. நானும் உம்மாவும் திரைக்குப் பின்னால். நீங்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலில் வந்து நின்றீர்கள்.

"லெப்பை, அண்டைக்கு ஒரு சட்டம் சொன்னீங்க. கூலி கேட்டு நிக்கிறவள்ற சொல்லு செல்லாதெண்டு."

"ஓம். கிதாபுல அப்பிடித்தான் இரிக்கி."

"கூலி வாங்கி முடிஞ்சவள்ற சொல்லு?"

லெப்பை யோசித்தார். "அவளுக்கு மறுகா அதுல ஒரு லாபமும் இல்லயே. ஏத்துக்கலாம்."

"அப்ப கேளுங்க. போடியார்ர ஊட்டுக் கூலி நேத்து என்ட கைக்கு வந்துட்டு. மாமியே கொண்டந்து, பால் குடுத்ததுக்குக் கூலியெண்டு வாயால சொல்லித் தந்தா. என்னோட பாய் இழைக்கிற பொம்பிளயள் எல்லாருக்கும் கேட்டிச்சு. இனி எனக்கு ஒருத்தரும் ஒண்டும் தரத் தேவல்ல. நீங்க பேசுற மாப்பிளையும் உள்ளுக்கு இரிக்கிற பொண்ணும் என்ட நெஞ்சில பால் குடிச்சவங்க."

மாமா எழுந்து கத்தினார். உங்களைப் பைத்தியம் என்றார். லெப்பை அவரை ஏறிட்டுப் பார்த்து, "பால் குடுக்கல்லயெண்டு நீங்கதான் சத்தியம் பண்ணினீங்க போடியார். அப்ப இந்தக் கூலி என்னத்துக்கு?" என்று கேட்டார். மாமா எழுந்த இடத்திலேயே உட்கார்ந்தார். உங்கள் வாயை அடைக்கத் தந்த காசுதான் உங்கள் வாய்க்குப் பெறுமதியைத் தந்தது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும்.

என் வாப்பா தன் வாழ்நாளில் முதல் தடவையாக மைத்துனரிடம் துணிந்து ஒன்று சொன்னார்: "மச்சான், தேத்தண்ணி ஆறுது. குடிச்சிட்டுப் போங்க."

திரைக்குப் பின்னால் நான் சிரித்தேன். உம்மா என் கையில் கிள்ளினார், அப்போதும் சிரித்தேன். பட்டமளிப்பு அன்றுகூட எனக்கு அப்படியொரு சந்தோஷம் வரவில்லை. மாமா பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்பதை விட்டார். அவர் தூணோரமாக நிற்கிறார் என்று யாராவது வந்து சொன்னால், மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்பேன். இது நல்ல குணமல்ல என்று தெரியும். நல்ல குணத்தைக் காட்டி அந்த வீட்டாரிடம் நீங்கள் எதைப் பெற்றீர்கள்?

பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பி வந்து இங்கேயே படிப்பிக்கத் தொடங்கினேன். பிள்ளை பார்க்க ஆள் பிடித்துத் தரும்படி என்னிடம் வருகிறவர்கள் இப்போது குறைவு. கூலி எவ்வளவு, ஓய்வு எந்த நாள், அவளுடைய சொந்தப் பிள்ளைக்குச் சுகமில்லாவிட்டால் அவளை உடனே வீட்டுக்கு அனுப்புவார்களா என்று அயலவர் முன்னிலையில் வாயால் சொல்ல வைப்பேன். "இவ ஆள் தேடித் தரல்ல, வழக்குப் பேசுறா" என்று ஒருவர் எழுந்து போனார். போகட்டும்.

மாமா படுக்கையில் விழுந்தபோது உங்களுக்கு ஆள் அனுப்பினார். போகும் காலத்தில் எல்லோரிடமும் பொருத்தம் கேட்பது நம் வழக்கம். அநியாயம் செய்யப்பட்டவர் 'பொருந்திட்டன்' என்று மன்னித்தால்தான் போகிறவருக்கு நிம்மதி. நானும் உங்களோடு வந்தேன். மாமா எலும்பாகக் கிடந்தார். "என்னப் பொருந்திக்க" என்றார்.

"கூலிக்குப் பொருந்திட்டன் போடியார். அது கைக்கு வந்துட்டு" என்றீர்கள். "என்ட புள்ளையப் பாக்க உடாத அந்தப் பொழுதுக்குப் பொருந்தல்ல. அத நான் மறுமையில கேப்பன்."

கட்டிலைச் சுற்றி நின்ற பெண்கள் உங்களைத் திட்டினார்கள். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தீர்கள்.

போன வருடம் நீங்கள் மௌத்தானபோது மாமாவின் மகன் வந்தார். உங்கள் சந்தூக்கைத் தோளில் சுமந்தார். அடக்கிவிட்டு வந்து என் வாசலில் நின்றார். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கண் கலங்கியிருந்தது.

"தங்கச்சி, கடைசிலயாவது பாலும்மா எங்கட வாப்பாவப் பொருந்திட்டாவா? உன்னிட்ட ஏதும் சொன்னாவா?"

'ஓம்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். மறுமையைப் பற்றி எனக்குள்ள சந்தேகங்களை வைத்து, அந்தப் பொய்யால் யாருக்கு என்ன நட்டம் என்றும் வாதிட்டிருக்கலாம்.

"இல்ல காக்கா. சொல்லல்ல" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். நீங்கள் கொடுக்காத ஒன்றை உங்கள் பேரில் கொடுக்க எனக்கு உரிமை இல்லை, பாலும்மா. யார் வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.