இடுப்பில் பிரித்துவிட்ட தையல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். இங்கே அம்மா சுகம். நான் முட்டிக்கு மேலேயும் சுகம், முட்டிக்குக் கீழேயும் சுகம், நடுவில்தான் தகராறு, அது உனக்குத் தெரிந்ததுதான். நேற்றுதானே போனில் பேசினோம், இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ என்னைச் சமாதானம் செய்யத் தொடங்கிவிடுவாய், வைத்துவிட்டுத் தனியாகப் போய் அழுவாய். அதனால் எழுதிவிடுகிறேன், பொறுமையாகப் படி. விஷயம் இதுதான். அடுத்த மாதம் நடக்க இருந்த என் முட்டி ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார்கள். தப்பு ஆஸ்பத்திரி மேல் இல்லை, இறக்கிய எடை எனக்குத் திரும்ப ஏறிவிட்டது.

பஸ்ஸில் டிக்கெட் கிழித்துப் பிழைக்கிற கண்டக்டருக்கு எடை என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பெல்லாம் நான் பின்படியிலிருந்து முன்படிக்குப் போவதற்குள் இரண்டு நிறுத்தம் தாண்டிவிடும். உள்ளே போங்க, உள்ளே போங்க என்று கத்தினால், நீங்க எறங்கினா நாங்க எல்லாருமே உள்ள போயிடுவோம்ண்ணே என்று காலேஜ் பசங்க கிண்டல் பண்ணுவார்கள். அப்போது நீதான் ஒற்றைக்காலில் நின்று என்னை டாக்டரிடம் அனுப்பினாய். ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கி, சர்க்கரையை விட்டு, விடியற்காலையில் டிப்போ வரைக்கும் நடந்தே போய், ஒரு வருஷத்தில் பதினெட்டு கிலோ இறக்கினேன். அந்த வருஷம் எனக்கு ராஜ மரியாதை. டைம்கீப்பர் எழுந்து நின்று, யோவ், மீதி ஆள எந்த ஸ்டாப்புல எறக்கி விட்டுட்டு வந்தே என்று கேட்டார். நீ வாரா வாரம் போட்டோ கேட்டு வாங்கி உன் சினேகிதிகளிடம் காட்டினாய். அதற்கடுத்த வருஷம் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. எடை குறையும்போது ஊரே கை தட்டுகிறது, குறைந்தது குறைந்தபடியே இருந்தால் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அதே பாதிச் சோறு, அதே நடை, ஆனால் மெஷினில் முள் நகராது, பசி மட்டும் முன்னைக்கு இரண்டு மடங்கு. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

அப்புறம் என்னைக் காலை ஷிப்டிலிருந்து மாலை ஷிப்டுக்குத் தூக்கிப் போட்டார்கள், விடியற்கால நடை நின்றது. கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவரும் நானும் டீ குடிப்போம், டீயோடு பிஸ்கட், பிஸ்கட்டோடு பேச்சு, பேச்சு ருசியில் இன்னும் இரண்டு பிஸ்கட். அந்த டிரைவர் கொடுத்து வைத்தவர், என்ன தின்றாலும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆளே தெரியமாட்டார். அவர் அளவுக்கு நானும் தின்றேன், பார் என் புத்தியை. எடை பார்க்கும் மெஷின் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அம்மா எடுத்து வைத்தால் நான் காலால் உள்ளே தள்ளுவேன். கேட்டால் ஒரு வசனம் வைத்திருந்தேன், மெஷின் பொய் சொல்லும், பேன்ட் பொய் சொல்லாது என்று. உன்னிடம்கூட எத்தனை தடவை பீற்றிக்கொண்டேன். காக்கி பேன்ட் இடுப்பில் கச்சிதமாகத்தான் நின்றது, பிறகு எனக்கு என்ன கவலை.

போன வாரம் ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாம் பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டு எடை மேடையில் ஏறச் சொன்னார்கள். போனதில் பதினைந்து கிலோ திரும்பி வந்திருக்கிறது. உங்க மெஷின் ரிப்பேரும்மா என்று அந்த நர்ஸ் பெண்ணிடம் சண்டைக்கே போய்விட்டேன், அது பாவம் மாடிக்குக் கூட்டிப்போய் வேறு மெஷினில் ஏற்றிக் காட்டியது, அதுவும் அதையேதான் சொன்னது. டாக்டரம்மா திட்டவில்லை. இந்த எடையோட புது மூட்டு வெச்சா அது ரொம்ப நாள் ஒழைக்காது, மயக்க மருந்து குடுக்கவும் எனக்கு பயமா இருக்கு, பத்து கிலோ எறக்கிட்டு வாங்க, அப்பதான் தேதி என்றார். நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் குதித்தேன். ரெண்டு மெஷினும் தப்பு, பேன்ட் அப்படியேதானே இருக்கு என்று இடுப்பைப் பிடித்துக் காட்டினேன். அம்மா யாருடைய சட்டைக்கோ காலர் வைத்துக்கொண்டிருந்தாள். தையலை நிறுத்திவிட்டு, பேன்ட் அப்படியே இல்லீங்க என்றாள். கொடியில் காய்ந்த இன்னொரு பேன்ட்டை எடுத்து உள்பக்கம் திருப்பிக் காட்டினாள். நான் இளைத்தபோது அவள்தான் என் பேன்ட்டையெல்லாம் பிடித்துத் தைத்தாள். தையல்காரி அல்லவா, மிச்சத் துணியை வெட்டாமல் உள்ளேயே விட்டிருக்கிறாள். பிறகு எப்போதெல்லாம் இடுப்பு எனக்கு இறுக்கியதோ, அப்போதெல்லாம் துவைத்துக் காயவைத்த கையோடு அரை விரல் அகலம் பிரித்துவிட்டு மறுபடி தையல் ஓட்டியிருக்கிறாள். பின்பக்க நடுத்தையலின் இரண்டு பக்கமும் பழைய ஊசித் துளைகள் வரிவரியாக இருந்தன. ஐந்து பேன்ட்டிலும் அப்படித்தான்.

அப்போது நான் பேசியதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. என் முட்டி போனதுக்கு நீதான் காரணம், கூடவே இருந்து குழி பறிச்சிட்டே என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. அம்மா என்னை எதிர்த்துக் கத்தவில்லை. மொத தடவ இடுப்பு பத்தாம போனப்ப நீங்க கண்ணாடி முன்னாடி நின்னீங்களே, அன்னைக்கு முழுக்க சாப்பிடல, பேசல, டூட்டிக்கும் போகல, அந்த மூஞ்சிய இன்னொரு தடவ பாக்க எனக்குத் தெம்பு இல்ல என்றாள். சோறு ஒரு கரண்டி கம்மியா வெச்சேன், தட்ட தள்ளிட்டு எந்திரிச்சீங்க, மெஷின எடுத்து வெச்சேன், ஒதைச்சு தள்ளுனீங்க, வேற என்ன பண்ணுவேன், எனக்குத் தெரிஞ்சது தையல்தானே என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்து தையல் மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். கிட்டே போய்ப் பார்த்தால் ஊசிக்குக் கீழே துணியே இல்லை, சும்மா மிதித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கரண்டி சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றுகூட வாய்விட்டுச் சொல்ல முடியாத வீடாக இதை நான்தான் வைத்திருந்திருக்கிறேன். மனசு கேட்காமல் மறுநாள் நானே டீ போட்டு அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள், சர்க்கரை தூக்கல் என்று மட்டும் சொன்னாள்.

இப்போது மறுபடி தொடங்கியிருக்கிறேன். இந்த முட்டியோடு நீண்ட நடை முடியாது, அதனால் வீட்டுக்குள்ளேயே சமையலறைக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன், குளியலறைக் குழாய் ஒழுகுவதை அப்படி நடந்தபோதுதான் கண்டுபிடித்தேன், ஆள் வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போனார். டிரைவரிடம் பிஸ்கட்டை என் கண்ணில் காட்டாதீங்க என்று சொல்லிவிட்டேன், மனுஷன் எனக்காகத் தானும் வெறும் டீ குடிக்கிறார், அதைப் பார்க்கத்தான் சங்கடமாக இருக்கிறது. பெருத்த உடம்பு இளைத்தால் பழைய இடத்துக்குப் போகத்தான் பார்க்கும், அதுக்காக உங்கள நீங்களே திட்டிக்காதீங்க, ஆனா காவல் மட்டும் எப்பவும் இருக்கணும் என்று டாக்டரம்மா சொல்லியனுப்பினார். உனக்கும் என் உடம்பு வாகுதான் கண்ணு, போன வருஷம் நீயும் கஷ்டப்பட்டுக் குறைத்தாய். அதனால் சொல்கிறேன், குறைத்தாகிவிட்டது என்று கடையைக் கட்டிவிடாதே, ஏறினாலும் இறங்கினாலும் வாரத்துக்கு ஒரு தடவை மெஷினில் ஏறிப் பார். மாப்பிள்ளை ஏதாவது சொன்னால் என்னைப் போல மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அவருக்கு இருமல் விட்டதா, எழுது.

இனிமேல் எழுதப் போவதுதான் கஷ்டம். என் ஆபரேஷனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக ஊருக்கு வராமல் லீவைச் சேர்த்து வைத்து, அடுத்த மாதம் முழுக்க வாங்கியிருக்கிறாய். அந்த லீவை இப்போது எடுக்காதே அம்மாடி. ஆபரேஷன் இல்லாட்டி என்ன, பொண்ணு வரட்டுமே, பாத்தா உங்களுக்கும் தெம்பு வரும் என்று அம்மா சொல்கிறாள். எனக்கு மட்டும் ஆசை இல்லையா. ஆனால் என்னைப் பற்றி எனக்குத் தெரிந்துவிட்டது. கிடைத்துவிட்டது என்றால் நான் உட்கார்ந்துவிடுகிற ஜாதி. நீ வந்துவிட்டால் பார்த்தாகிவிட்டது என்று கால் நீட்டிவிடுவேன், நீ போன பிறகு என்னை எழுப்ப ஒன்றும் இருக்காது. உன்னைப் பார்க்காத ஏக்கம் ஒன்றுதான் இப்போதைக்கு என்னை நடக்க வைக்கும். என்னால் உன் இரண்டு வருஷம் வீணாகப் போனதே என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, அப்படியாவது இறங்காமல் இருக்கட்டும் என்று உன் அம்மாவைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன், சிரிக்கவில்லை. எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உங்கள் இருவருக்கும் எப்போதும் உண்டு. இந்தக் கடிதம் கிடைத்ததும் ஆபீசில் சொல்லி லீவை மாற்றிக்கொள், மறந்துவிடாதே.

எழுதியதை அம்மாவிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து போய், உன் கட்டிலில் விரித்து வைத்திருந்த புது விரிப்பை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாள். திரும்பி வந்து, வராதேன்னு எழுதியிருக்கீங்க சரி, எப்ப வரணும்னு எழுதலையே என்று கேட்டாள். அந்தத் தேதியை டாக்டர் சொல்ல முடியாது, நான்தான் சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் தெரியவில்லை கண்ணு.

இப்படிக்கு
உன் அப்பா