நாம் பூட்டி வைத்த சூடு

மச்சான், உங்கள் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் இன்றைக்கு மதியம் ஓட ஆரம்பித்தது, ஆப் இல்லாமல், வைஃபை இல்லாமல், நீ இல்லாமல், வெறும் ரெண்டே வயரில், இந்தக் குளிர்காலத்தில் முதல் தடவையாக!

இதைக் கத்திச் சொல்ல எனக்கு உன்னை விட்டால் ஆளில்லை. அதனால் நாம் அறிமுகமான அதே ஸ்மார்ட் ஹோம் குழுவில் உனக்கு எழுதுகிறேன். உங்கள் சுவரிலிருந்து கழற்றிய, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் என் மேசையில் கிடக்கிறது. பேட்டரி இன்னும் தீரவில்லை. பக்குரங்காவில் என் அறை பதினான்கு டிகிரி என்கிறது. திரையின் ஓரத்தில் அந்தக் குட்டிப் பூட்டுப் படம்.

ஆக்லாந்தில் நான் பார்த்த வீடுகளில் எல்லாம் ஹீட் பம்ப்தான். ஹில்ஸ்பரோவில் உங்கள் வீட்டில் மட்டும் பழைய கேஸ் பாய்லர், அதன் சுடுநீர் ஓடிச் சூடேற்ற அறைக்கு அறை ரேடியேட்டர். புது தெர்மோஸ்டாட்டை வாங்கி நீ குழுவில் போட்டோ போட்ட அன்றே, ஈஸ்ட் டாமாக்கியில் ஷிப்ட் முடிந்த கையோடு ஓடி வந்தேன். இரண்டு பேரும் வீடியோ பார்த்தே எல்லாம் கற்றவர்கள். பாய்லரின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஹாலில் இருந்த சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பழைய வட்டத் திருகு குமிழைக் கழற்றினோம். சுவரிலிருந்து இரண்டு வயர். புதியதில் மூன்று துளை. ஒன்று நடுத்துளைக்கு. மற்றது இடப்பக்கம் என்றேன் நான். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

மறுநாள் உன் அம்மா போனில் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, குளிரேக்க நிக்குது, வேர்க்கேக்க எரியுது. ரெண்டு எஞ்சினியர்மாரும் என்ன வேலை செய்து வச்சிருக்கிறியள்?"

வயரை வலப்பக்கம் மாற்றினோம். சரியானது. ஆனால் அம்மா போகும்போதும் வரும்போதும் அதை முப்பதுக்கு ஏற்றிவிடுவார். முப்பதில் வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்பது அவர் நம்பிக்கை. "அப்பிடியில்லை அம்மா" என்று நீ சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனாய். "சின்னப் புள்ளைங்களுக்குப் போடுற லாக் இருக்குல்ல, அதைப் போட்டுருடா" என்றது நான்தான். நீ உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நான்கு எண்களை அழுத்தினாய்.

"எனக்காவது சொல்லுடா."

"சொல்லமாட்டன். நீ அம்மான்ர கட்சி."

நவம்பரில் இங்கே வெயில் தொடங்கியதும் போனிலேயே ஹீட்டிங்கை நிறுத்தினாய். மார்ச்சில் மோட்டார்வேயில் அந்த விபத்து. உன் போனும் உன்னோடு நொறுங்கிப் போயிற்று. முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வந்தேன், அதோடு சரி. அந்த வாசலில் நிற்கப் பயந்து மூன்று மாதம் போகவில்லை.

போன வாரம் போனேன். வீட்டுக்குள்ளேயே மூச்சு புகையாக வந்தது. அம்மா இரண்டு சுவெட்டருக்கு மேல் உன் நீல ஜாக்கெட்டைப் போட்டிருந்தார்.

"ஏம்மா ஹீட்டர் போடல?"

"அது நம்பர் கேக்குது தம்பி. எனக்குத் தெரியாதே."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"நீர் வேலைக்குப் போற பிள்ளை. ஏன் கரைச்சல்?"

உன் பிறந்த நாள், அம்மாவுடையது, வீட்டு எண், எல்லாம் போட்டுப் பார்த்தேன். ரீசெட் செய்யவும் அதே எண்ணைக் கேட்டது. கம்பெனிக்கு எழுதினேன், கணக்குக்கு உரியவரே வர வேண்டுமாம். பழைய திருகு குமிழையாவது வைத்திருந்தோமா? அன்றே குப்பையில் எறிந்தது என் கைதான். அதனால் இன்று அதே மாதிரி ஒன்றை வாங்கி வந்து மாட்டினேன். திருகினேன். பாய்லர் உறுமியது. நான் உண்மையிலேயே குதித்தேன், மச்சான்.

அம்மா ரேடியேட்டரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய் அதைத் திருகி அணைத்தார்.

"காணும் தம்பி. எனக்கு ஒருத்திக்கு என்னத்துக்கு? ஆக்கள் வந்தாப் போடுறன்."

வாசல் வரை வந்து இன்னொன்றும் சொன்னார். "ரெண்டு பேரும் அண்டைக்குச் சிரிச்சுச் சிரிச்சுத்தானே அதைப் பூட்டினீங்கள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது." குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன். பஸ்ஸிலும் அந்தப் பேச்சுதான் காதில் கேட்டது, இப்போதும் அதுதான் கேட்கிறது. இது என்னை விட்டுப் போகும் என்று தோன்றவில்லை.

குழுவில் இதைப் படிக்கிறவர்களே, அம்மாவோ அப்பாவோ தொட முடியாதபடி எதையாவது பூட்டியிருந்தால் இப்போதே எழுந்து போய்த் திறந்துவிடுங்கள். முடியாதென்றால் எண்ணைப் பெரிதாக எழுதிப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். ஒட்டியதும் இங்கே ஒரு வரி போடுங்கள். ஹில்ஸ்பரோ பக்கம் இருப்பவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். என்னால் ஞாயிற்றுக்கிழமைதான் போக முடிகிறது. மற்ற ஆறு நாளும் யாராவது ஒருவர் போய் அந்த ஹாலில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஆள் வந்திருக்கிறது என்றாவது அம்மா அதைத் திருகுவார்.