வால் மாமா நின்ற இடம்

ஜூன் 3

கடைவாய்ப்பல் பிடுங்க வந்த பெரியவர், மரத்துப்போன வாயோடும் விடாமல் பேசினார். "சத்தியம் பண்ணி வாக்குமூலம் குடுக்கணும்னு நோட்டீஸ் போயிருக்குல்ல டாக்டர்? பாருங்க, தலைவர் நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரில படுத்துருவாரு." அந்தத் தலைவரின் மகள்தான் தன் வாய்க்குள் இடுக்கியை விட்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. நல்லவேளை, அவருக்கு.

வீட்டுக்கு வந்தால் அண்ணனும் கட்சி வக்கீலும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பதில் மட்டும்தான் கருத்து வேறுபாடு.

ஜூன் 4

அப்பா ஒரே பிடிவாதம். "பதவி ஏத்தப்போ சத்தியம் பண்ணேன்ல? அப்ப நடுங்காத நாக்கு இப்ப ஏன் நடுங்கணும்?"

வெள்ளத்தின்போது அணை மதகைத் திறக்கச் சொன்னவர் அப்பா. ஆனால் அப்பா எதையும் எழுத்தில் கொடுத்ததே கிடையாது. வாயால் சொல்வார், கூடவே நிற்கும் வால் மாமா அதைப் போனில் சொல்வார், காரியம் நடக்கும். கீழ்க்கரையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. எத்தனை குழந்தைகளை வெள்ளம் கொண்டுபோனது. இப்போது, மாமா தன்னிஷ்டத்துக்குத் திறந்துவிட்டார் என்று வழக்கு. மாமா வாயைத் திறக்காமல் ஜெயிலில் உட்கார்ந்திருக்கிறார்.

"நான்தாம்மா சொன்னேன்" என்றார் அப்பா. "தெறக்கலன்னா அணையே போயிருக்கும். ஆனா கீழ இருக்கறவங்கள மொதல்ல எழுப்புன்னு சொல்லியிருக்கணும். அது எனக்குத் தோணல." கண் கலங்கிவிட்டது. நானும் அழுதேன்.

ஜூன் 5

காலையில் அப்பா மாமாவைத் தேடினார்: "எங்க அவன்? இன்னும் வரலையா?"

ஜூன் 9

மாமா சொந்த மாமா இல்லை. அப்பாவின் உதவியாளர். கட்சியில் 'தலைவரோட வால்' என்று கிண்டல் செய்வார்கள். சின்ன வயதில் நான் அதையே பெயராக்கிக்கொண்டேன். அவரும் கோபிக்கவில்லை. "வால் இல்லன்னா ஈ யாரு ஓட்டுறது பாப்பா?" என்பார்.

அப்பாவுக்கு அரை அடி பின்னால் நிற்பார். யாராவது எதிரே வந்தால் அப்பா லேசாகத் தலையைத் திருப்புவார். காதோரம் மாமாவின் குரல்: "பொருளாளர் தம்பி. போன மாசம் அம்மா தவறிட்டாங்க." உடனே அப்பா அவர் தோளைத் தொட்டு, "அம்மா போயிட்டாங்களாமே" என்பார். தலைவருக்கு என்ன ஞாபகசக்தி என்று ஊரே வியந்தது. எல்லாத் தலைவர்களுக்கும் இப்படி ஒருவர் உண்டு. அதனால்தான் எங்களுக்கு உறைக்கவில்லை. மாமா உள்ளே போன பிறகுதான், அப்பாவுக்குப் பேரன் பெயரே நழுவுகிறது என்று தெரிந்தது.

எத்தனை நாளாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள், மாமா?

ஜூன் 12

நரம்பு மருத்துவர் சொல்லிவிட்டார். மறதி நோய்தான். சில நாள் தெளிவாக இருக்கும், சில நாள் இருக்காது.

அண்ணன் காரிலேயே ஆரம்பித்துவிட்டான். "இதவிட நல்ல சர்டிஃபிகேட் கெடைக்குமா?"

"இது நெசம்டா."

"நெசமா இருந்தா இன்னும் நல்லது."

ஒரு அறை விட்டிருப்பேன். ஓட்டிக்கொண்டிருந்தானே என்று விட்டேன்.

ஜூன் 14

மாமாவின் மனைவி வந்தார். காபி கூடத் தொடவில்லை. "உங்கப்பா நல்லா இருந்தாப் போதும்னு அவரு வாயக் கட்டிட்டு உக்காந்திருக்காரு. உங்கப்பா ஒரு வார்த்தை சொன்னா என் புருஷன் வெளிய வந்துருவாரும்மா."

சர்டிஃபிகேட்டை நீட்டினால் அப்பா நாளைக்கு எந்த உண்மையைச் சொன்னாலும் செல்லாது. மாமா கதை அத்தோடு முடிந்தது. நீட்டாமல் அனுப்பினால்? அன்றைக்குத் தெளிவாக இருப்பாரா? யாரைக் கேட்பது? அப்பாவையே கேட்டேன். "போறேன்மா. அவன் எனக்காக உள்ள கெடக்கான்."

போகட்டும் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் என்னோடு பேசுவதில்லை.

ஜூன் 19

நேற்றும் இன்றும் தெளிவு. கேட்டதற்கெல்லாம் டாண் டாணென்று பதில். கடவுளே, நாளை ஒரு நாள்.

ஜூன் 20

விசாரணை அறையில் பின்னால் யாரும் நிற்கக் கூடாதாம். வக்கீல்கூடப் பக்கவாட்டில்தான். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே.

அப்பா கையை உயர்த்திச் சத்தியம் செய்தார். கணீரென்ற குரல். மனசுக்குள் கும்பிட்டேன். முதல் கேள்வி. அப்பா லேசாகத் தலையைத் திருப்பினார் — பின்னால். காத்திருந்தார். அங்கே சுவர்தான் இருந்தது. மறுபடி கேள்வி. மறுபடி திரும்பினார். அந்த முகம்... ஐயோ, திருவிழாக் கூட்டத்துல கை நழுவிப்போன கொழந்த முகம்.

"நெனவில்ல" என்றார். பிறகு எல்லாவற்றுக்கும் அதுவேதான்.

சத்தியமாத்தானே சொன்னாரு! அவருக்கு நெனவில்லைங்க! யாருகிட்டப் போய்ச் சொல்வேன் நான்?

ஜூன் 21

எல்லாப் பத்திரிகையிலும் கேலிச்சித்திரம். கட்சிக்காரர்கள் வெடி வெடித்தார்கள். தலைவர் பிடிகொடுக்கவே இல்லையாம்.

மாமாவின் மனைவிக்குப் போன் செய்தேன். "உங்கப்பா நல்லா நடிச்சாரும்மா" என்று வைத்துவிட்டார்.

ஜூலை 2

அப்பா நடிக்கவில்லை என்று காட்ட, மருத்துவர் சான்றிதழை இப்போது விசாரணையில் கொடுத்துப் பார்த்தோம். "இத்தனை நாள் எங்கே இருந்தது இது?" என்று கேட்டார்களாம். அண்ணன் என்னைப் பார்த்த பார்வை.

செப்டம்பர் 17

தீர்ப்பு வந்துவிட்டது. எழுத முடியவில்லை.

அக்டோபர் 8

அப்பாவை ஜெயிலுக்கு அழைத்துப்போனேன். மாமா பாதியாகிவிட்டார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லேசாகத் தலையைத் திருப்பினார். அரை அடி பின்னால் நான்தான் நின்றிருந்தேன்.

"யாரும்மா இது?"

நான் அப்பாவின் காதருகே போனேன். மாமா பார்த்துவிட்டார். வலைக்கு அருகில் குனிந்து, அதே தணிந்த குரலில் சொன்னார்: "பழைய உதவியாளர், ஐயா. ரொம்ப நாள் உங்ககூட இருந்தவரு. நல்லா இருக்கீங்களான்னு கேளுங்க."

அப்பா நிமிர்ந்தார். பழைய சிரிப்பு அப்படியே வந்தது. "நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன் ஐயா" என்றார் மாமா.