சீந்தில் கொடி வாங்கியவள்

மேலகரம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள தளவாய் அண்ணனுக்கு,

தங்கை ஜெயசித்ரா எழுதுவது. அங்கே குளிர் குறைந்ததா? இங்கே சாரல் தொடங்கிவிட்டது. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். நீ லீவில் ரயில் ஏறுவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

அப்பாவுக்கு மறுபடியும் டயாலிசிஸ் ஆரம்பித்தாகிவிட்டது. அம்மா கொடுத்த சிறுநீரகம் இனி வேலை செய்யாதாம். அம்மா இடுப்புத் தழும்பைத் தடவிக்கொண்டே வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.

குற்றாலத்தில் நடந்ததை இசக்கிமணி சித்தப்பா உனக்குச் சொல்லியிருப்பார். நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஐந்தருவி ரோட்டில் மூலிகைக் கடை வைத்திருக்கும் செந்தில்வேல் அண்ணாச்சியைச் சித்தப்பா சட்டையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்தார். கூட இரண்டு பேர். "எங்க அண்ணனுக்கு என்னத்தலே குடுத்த?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். "உங்க அண்ணன் யாருன்னே எனக்குத் தெரியாதுய்யா" என்றார் அவர். சித்தப்பா எடைக்கல்லால் வாயில் அடித்தார். இரண்டு பல் என் செருப்புப் பக்கம் வந்து விழுந்தன. வலது கையைக் கடைப்படியில் வைத்து மிதித்தபோது எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. தடுக்கத்தான் ஆட்டோ பிடித்து அங்கே போயிருந்தேன். அண்ணாச்சி என்னை அடையாளம் தெரிந்து பார்த்தார். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தச் சீந்தில் கொடியை வாங்கியது நான்தான் அண்ணா. கல்லூரி ஆய்வுக்கு. "வீட்டுல நோயாளி யாரும் குடிக்கதுக்காம்மா?" என்று அவர் கேட்கத்தான் செய்தார். ஆய்வகத்துக்கு என்றேன். அதன் சாற்றை ரத்தத்தின் வெள்ளணுக்களில் விட்டோம். சும்மா கிடந்தவை கிளர்ந்தன. சீந்தில் எதிர்ப்புச் சக்தியை எழுப்புது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். என் படிப்பைப் பற்றி அம்மா உட்கார்ந்து கேட்டது அன்றுதான். மீதிக் கொடி அடுப்படியில் கிடந்தது. நான் விடுதிக்குப் போனபின் தினமும் கஷாயம் வைத்திருக்கிறாள். "பிள்ள படிச்சுச் சொன்னது, குடிங்க" என்று கொடுத்தாளாம்.

அப்பா சாப்பிடும் மாத்திரைகளே அந்த அணுக்களை அடக்கி வைக்கத்தான். அடங்காவிட்டால் அவை அம்மாவின் சிறுநீரகத்தை அந்நியம் என்று தாக்கும். இதைப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவள் நான். வீட்டில் ஒரு வரி சொல்லவில்லை. கஷாயம்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

கொடி எங்கே கிடைத்தது என்று சித்தப்பா கேட்டபோது, ஐந்தருவி ரோட்டுக் கடை என்று மட்டும் சொன்னாள் அம்மா. என் பெயரைச் சொல்லவில்லை.

"கைய முறிச்சாச்சு, கால தளவாய் வந்து பாத்துக்கிடுவான்" என்று சித்தப்பா சிரிக்கிறார். அந்தக் கடைக்காரனை வெட்டாமல் திரும்ப மாட்டேன் என்று நீயும் சொன்னாயாம். நாளை காலை நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். வாங்கியது நான், அடித்தது சித்தப்பா என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். பேச வராவிட்டாலும் எழுத வரும்.

குற்றாலம் போகாமல் நேரே வீட்டுக்கு வா அண்ணா. அடித்தே ஆகவேண்டும் என்றால் நான் இருக்கிறேன். அம்மாவிடம் மட்டும் ஒன்றும் கேட்காதே. அவளை இலை முன் உட்காரவைத்து இரண்டு வாய் சோறு தின்ன வைத்துவிடு, போதும்.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும்.

உன் தங்கை,
ஜெயசித்ரா