நாலாவது இடத்தின் ஆழம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், பம்ப் ஹவுஸில் மூன்று மோட்டார்களும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் எதைச் சொன்னாலும் "சரிப்பா, பாக்கறேன்ப்பா" என்கிறாய், அது அப்படியே காற்றோடு போய்விடுகிறது. நமக்குள் இருபது வயதுதான் வித்தியாசம், பார்க்கிறவர்கள் அண்ணன் தங்கையா என்று கேட்கிறார்கள், அதனால் உனக்கு என்மேல் பயம் என்பதே கிடையாது. தாளிடம் உன் "சரிப்பா" செல்லாது. மாமா வேலையாக நாளைக்கு அங்கே வருகிறார். இதைக் கையில் கொடுத்துவிட்டு, நான் சொன்னதை நீ செய்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

"நம்ம ஏரியில் மீன் பிடிக்க ஒன்பது இடங்கள்" என்று இணையத்தில் எழுதிப் போட்டாயே, அதைத்தான் சொல்கிறேன். ஊர் ஏக்கம், எழுதினாய், சரி. கீழே "விவரங்களுக்கு" என்று என் நம்பரை எதற்கம்மா போட்டாய்? நான் தண்ணீர் ஏற்றுகிறவனா, மீனுக்குத் தரகனா? முந்தாநாள் மோட்டாரின் பேரிங்கைக் கழற்றிவிட்டுக் கையெல்லாம் கிரீஸாக நிற்கிறேன், ஒருவர் கூப்பிட்டு "சார், ஆறாவது எடத்துல கெளுத்திக்கு மண்புழு போடவா, கோழிக்குடல் போடவா?" என்கிறார். தெரியாது என்றேன். "பொண்ணு இவ்ளோ விவரமா எழுதியிருக்கு, அப்பாவுக்கு ஒண்ணும் தெரியலையே" என்று அங்கலாய்த்துவிட்டு வைத்தார். உன் அம்மாவுக்கு இதெல்லாம் ஒரே கொண்டாட்டம். வருகிறவர்களுக்கெல்லாம் டீ போடுகிறாள். மீன் பிடிக்க வந்த இரண்டு நர்சுகள் நம் சமையலறையில் உட்கார்ந்து தூண்டிலுக்கு மாவு உருட்டுகிறார்கள். என் கருவிப்பெட்டியில் குறடைக் காணோம், கேட்டால் மீன் வாயிலிருந்து தூண்டில் முள்ளை எடுக்கப் போயிருக்கிறதாம்.

பொறுத்தது போதும் என்று தூக்குக்குண்டும் கயிறும் எடுத்துக்கொண்டு போய் ஒன்பது இடத்தையும் அளந்துவிட்டேன். ஏன் அளந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் திருத்தங்களை எழுதிக்கொள். முதல் இடம், படகுத்துறை. மூன்று பலகை உளுத்துவிட்டது, இடது ஓரமாக நிற்கவேண்டும் என்று சேர். இரண்டாவது, நாணல் ஓரம். முழங்கால் தண்ணீர், விரால் உண்டு, நீ எழுதியது சரி. ஆனால் எட்டு மணிக்குமேல் ஒன்றும் கடிக்காது, பத்து மணிக்கு வந்து உட்கார்ந்துகொண்டு என்னைத் திட்டுகிறார்கள். ஐந்தாவது, மதகுக்குக் கீழே. அதை அடியோடு எடுத்துவிடு. நான் ஷட்டரைத் தூக்கினால் இரண்டு நிமிஷத்தில் மார்பளவு தண்ணீர் வரும். சைரன் அடிக்கத்தான் அடிப்பேன், ஆனால் தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு எமனே வந்து கூப்பிட்டாலும் காதில் விழாது. எட்டாவது, வாடகைப் படகு. படகுக்காரர் ஒரு நாளைக்கு ஒரு நடைதான் போவார். "மீன் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், நீங்க வாய மூடிட்டு உக்காருங்க" என்பார். மீறிப் பேசினால் கரைக்குத் திருப்பிவிடுவார். அதையும் எழுது. மூன்று, ஆறு, ஏழு, ஒன்பதில் குறையில்லை.

நாலை ஏன் விட்டேன் என்று கேட்பாய். தட்டைப் பாறை. "இடுப்பளவு தண்ணீர், மணல் தரை, குழந்தைகள் இறங்கி நின்றே தூண்டில் போடலாம்" என்று எழுதியிருக்கிறாய். போன சனிக்கிழமை ஒரு தையல்காரர் மகளோடு வந்தார். ஏழு வயதிருக்கும். அந்தக் குழந்தை படியிறங்குவதுபோலத் தண்ணீரில் கால் வைத்திருக்கிறாள், அடுத்த நொடி தலையைக் காணோம். அவர் குப்புறப் படுத்துச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திருக்கிறார். சத்தம் கேட்டு நான் ஓடியபோது பாறைமேல் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள், ஒரு செருப்பு போய்விட்டது என்று அழுதாள். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி முடித்திருப்பேன். "உங்க பொண்ணு எழுதினதுதானே சார், அவங்க இங்க நின்னதே இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

நின்றிருக்கிறாய். விடுமுறை விடுமுறையாக, இடுப்பளவுத் தண்ணீரில், அதே பாறையடியில் நின்றிருக்கிறாய். தப்பு என்னுடையது. நீ ஊரைவிட்டுப் போன மறுவருஷம் புதுக் குழாய் இறக்குவதற்காகப் பாறையை ஒட்டிப் பள்ளம் தோண்டினோம். வரைபடம் நான் போட்டது, கையெழுத்தும் என்னுடையது. கயிற்றுக் கணக்கில் நாலரை மீட்டர். நீ ஒவ்வொரு தடவையும் போனில் "என் பாறை அப்படியே இருக்காப்பா?" என்று கேட்பாய், நானும் "அப்படியே இருக்கும்மா" என்பேன். பாறையைத்தானே கேட்டாள், தண்ணீரைக் கேட்கவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மேலதிகாரியிடம்கூட முகத்துக்கு நேரே சொல்கிறவன் என்று பேர் வாங்கியவன், உன் குரல் வாடிவிடுமே என்று பூசி மெழுகியிருக்கிறேன். அது ஒரு செருப்போடு போயிற்று. போனில் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன், மோட்டாரைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

இரும்புக் கம்பி நட்டுச் சிவப்புக் கயிறு கட்டி, போர்டும் வைத்திருக்கிறேன். குனிந்து உள்ளே போகிறார்கள். கேட்டால் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி "இடுப்பளவுன்னு போட்டிருக்கே சார்" என்கிறார்கள். திங்கட்கிழமை பள்ளிகளுக்கு லீவு விடுகிறார்கள். நாலாவது இடத்தை எடுத்துவிடாதே, எடுத்தால் ஏற்கெனவே படித்தவனுக்குத் தெரியாமலே போகும். "ஆழம் நாலரை மீட்டர், இறங்காதீர்கள், முன்பு எழுதியது தவறு" என்று கொட்டை எழுத்தில் போடு. தவறு அப்பாவுடையது என்றும் போடு, எனக்கு வெட்கமில்லை. என் நம்பர் அப்படியே இருக்கட்டும். கெளுத்திக்கு என்ன இரை என்பதை மட்டும் எனக்கு எழுதி மாமாவிடம் கொடுத்தனுப்பு.

நோய்நொடி இல்லாமல், எடுத்த காரியமெல்லாம் கைகூடி நன்றாக இரு. அம்மாவின் ஆசியும் இதோடு வருகிறது. மறுபடி சொல்கிறேன், மாமா எழுந்து போவதற்குள் திருத்து.

இப்படிக்கு,
நீ திருத்தும்வரை வேலை முடிந்ததும் நாலாவது இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா