விரல் நீட்டிப் பேசாதே, வினார்சி

சும்பர்ஜாம்பே, கிழக்கு ஜாவா
நோன்புக்கு முந்திய வாரம்

அன்பு மகள் வினார்சிக்கு அம்மா எழுதிக்கொள்வது. அல்லாவின் அருளால் நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஹாங்காங்கில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, உன் எஜமானியம்மாள் ஞாயிற்றுக்கிழமை லீவு தருகிறாளா. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீதான் பேசுவாய், நான் உம் கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். மேலும் நம் வீட்டுச் சுவர் மூங்கில் தட்டி, இப்போதெல்லாம் அதற்கு வெளியே ஆட்கள் நிற்கிறார்கள். அதனால் இதை முழுவதும் படி, நடுவில் பதில் சொல்ல வராதே.

ஊரில் மாடுகள் செத்து, நம் சிவப்புப் பசுவும் போய்விட்டது என்று நான் அழுத அன்றைக்குத்தான் நீ ஊரே பார்க்கிற உன் இணையப் பக்கத்தில் அந்த வீடியோவைப் போட்டாய். எனக்காகத்தான் கோபப்பட்டாய், அது புரிகிறது. ஆனால் எப்படிப் பேசினாய்! நேரே விரலை நீட்டி, "இது நோய் இல்ல, செய்வினை. எவன் வீட்டுல விடிய விடிய விளக்கு எரியுதுன்னு பாருங்க, புரியும். நான் சொல்றேன், இதுல சந்தேகமே வேணாம்" என்றாய். பெயரைச் சொல்லவில்லையே என்று பிறகு வாதாடினாய். நம் ஊரில் விடிய விடிய விளக்கு எரிவது வாத்து வளர்க்கிற பெரியவர் பாக் சமிரான் வீட்டில் மட்டும்தானே, அது வாத்து முட்டைக்குச் சூடு காட்டுகிற விளக்கு என்பது உனக்குத் தெரியாததா. கால்நடை டாக்டர் வந்து, கோமாரியாக இருக்கலாம், ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். பக்கத்து வீட்டு முர்னி, "இருக்கலாமாம்ல! படிச்சவருக்கே தெரியல, நம்ம வினார்சிக்குத் தெரிஞ்சிருக்கு" என்று கைகொட்டிச் சிரித்தாள். அவர் நிதானமாகப் பேசினார், ஒருவரும் நம்பவில்லை. நீ அடித்துப் பேசினாய், ஊரே நம்பியது.

சமிரான் வீட்டுக் கதவில் சிவப்புப் பெயிண்டில் ஒரு குறி போட்டார்கள். யாரும் சண்டைக்குப் போகவில்லை, நம் ஆட்கள் முகத்துக்கு நேரே எதையும் சொல்லமாட்டார்கள். எதிரே வந்தால் முன்னைவிடக் குனிந்து வழிவிட்டார்கள். அந்தப் பணிவைக் கண்டுதான் மனிதர் பயந்திருக்கிறார். பொரியாத முட்டைகளை அப்படியே போட்டுவிட்டு மனைவியோடு காலிமந்தான் தீவுக்கு, மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது அப்பாவிடம், "தம்பி, உம் பொண்ணு பேசுறதக் கேட்டா நானே என்னைச் சந்தேகப்படுவேன் போல இருக்கு" என்றாராம். அப்பா அன்று சாப்பிடவில்லை.

அவர் போன பிறகும் மாடுகள் செத்தன, முர்னியின் கன்றும் செத்தது. இப்போது ஊர் வேறு மாதிரி யோசிக்கிறது. வாய்க்காலில் துவைக்கப் போனபோது என் காதில் விழுந்தது: "கடல் தாண்டி இருக்கறவளுக்கு இது எப்படிடி தெரிஞ்சுது? கொஞ்சம்கூடத் தயங்கலையே, தெரியாதவ அப்படியா பேசுவா? அந்த வித்தை தெரிஞ்சவளா இருக்கணும், கத்துக்குடுத்தவ இங்கதான் இருக்கணும்." என்னைக் கண்டதும் "வாங்கக்கா, உக்காருங்கக்கா" என்று துவைகல்லைத் துடைத்துக் கொடுத்தார்கள். சோயாவைப் புளிக்கவைத்து நான் செய்கிற தெம்பே வியாபாரம் மட்டும் அமோகமாக நடந்தது, பேரம்கூடப் பேசாமல் வாங்கிப் போனார்கள். போன வாரம் வயல் ஓரமாக வந்தபோது பார்க்கிறேன், வாழையிலையில் நான் கட்டிக் கொடுத்த தெம்பேக் கட்டுகள் அவிழ்க்காமலே சேற்றில் குவிந்து கிடக்கின்றன. வேண்டாம் என்றால் நான் எதையாவது ஏவிவிடுவேன் என்று பயந்து வாங்கி, வீட்டுக்குள் கொண்டுபோகப் பயந்து எறிந்திருக்கிறார்கள்.

அப்பா போனில் ஜாடையாக ஏதோ சொல்லப்போய், நீ உடனே இன்னொரு வீடியோ போட்டாய். "எங்க அம்மா மேல ஒரு விரல் படட்டும், அப்புறம் என்ன நடக்கும்னு பாருங்க!" அடி அசடே, ஒரு மகளின் ஆத்திரமாகவா ஊர் அதைக் கேட்டிருக்கும்? அன்று சாயந்திரமே நம் கதவிலும் சிவப்புக் குறி வந்துவிட்டது. ஊர்த்தலைவரிடம் போனதற்கு, "நான் இருக்கேன்ணே, கவலப்படாதீங்க" என்று இரண்டு கையாலும் அப்பாவின் கையைப் பிடித்து வாசல்வரை வந்து அனுப்பினாராம். அந்த மரியாதையைக் கண்டுதான் அப்பா வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழிட்டார். நாமும் போய்விடலாம் என்றால், போனால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்கிறார். நீதான் இனி ஏதாவது செய்ய வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியாது, கோபத்தில் உளறிவிட்டேன் என்று ஒரு வீடியோவில் சொல். அதையும் மிரட்டுகிற குரலில் சொல்லித் தொலைக்காதே. தடுமாறு, வார்த்தை வராமல் நில், அழுகை வந்தால் அழு. உன்னைப் பார்க்கிறவர்கள் குறைந்தால் குறையட்டும்.

அல்லா உனக்கு நீண்ட ஆயுளையும் நிதானத்தையும் தரட்டும், தொழுகையை விடாதே, குளிரில் தலையை மூடிக்கொள். பெருநாளுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன் என்றாயே, அதை ரத்து செய். பிள்ளையைப் பெருநாளைக்கு வராதே என்று எந்தத் தாயும் எழுதக் கூடாது, நான் எழுதுகிறேன். முர்னியும் மற்ற பெண்களும் தினமும் வந்து, "வினார்சி என்னைக்குக்கா வர்றா, எந்த பஸ்ல வர்றா" என்று அன்பாகக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஆண்கள் எல்லோருமாகப் போய் உன்னை அழைத்து வருவார்களாம்.

உன் அம்மா,
காசினெம்